அம்மாசியின் மூச்சு

அந்தப் படத்துக்கு ஒரு பெயர் உண்டு. வெளிநாட்டில் விருது கொடுத்தவர்கள் அதை வாய் குழறிச் சொன்னார்கள். பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருந்தது, பெட்டிக்கடையில் பத்திரிகை அட்டையாகத் தொங்கியது. ஆனால் தேவானை ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவளுக்கு அது "அவரு படம்", அவ்வளவுதான். அவர் என்றால் அவள் புருஷன் அம்மாசி. அமாவாசையன்று பிறந்ததால் வந்த பெயர். வடபழனி சினிமா ஏஜென்ட் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க் கூட்டத்தில் ஒருத்தராக நின்றே ஆயுசைக் கழித்தவர். கல்யாணக் கூட்டம், கோர்ட்டுக் கூட்டம், தேர்தல் கூட்டம். டிவியில் பழைய படம் போட்டால் தேவானை கண்ணை இடுக்கிக்கொண்டு தேடுவாள். ஒரு தோள் தெரியும், ஒரு தலைப்பாகை தெரியும். முகம் வருகிற நேரம் பார்த்து முன்னால் நிற்கிற எவனாவது தலையை ஆட்டிக் கெடுத்திருப்பான்.

அவர் முகம் முழுசாக வந்த ஒரே படம் இதுதான். அதிலும் அவரைப் பிணமாகப் போட்டிருந்தார்கள்.

போர்ப் படம். எந்த நாட்டுப் போர் என்று படத்தில் சொல்லவே மாட்டார்கள். அதற்கும் சேர்த்துப் புகழ்ந்தார்கள். பழவேற்காட்டுப் பக்கம் மணல்வெளியில் பெருங்கூட்டத்தை உச்சி வெயிலில் பிணமாகப் படுக்க வைத்து, கேமராவை அவர்கள்மேல் மெல்ல ஊர்ந்து போகவிட்டு எடுத்த காட்சி ஒன்று. அதைப் பார்த்தவர்கள் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்றார்கள். விருதுக் குழுவில் ஒருவர் எழுந்து வெளியே போய் அழுதாராம். அந்தக் கேமரா ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் வந்து நிற்கிற முகம் அம்மாசியுடையது.

அவருக்கு வீசிங் உண்டு. மூச்சை அடக்க முடியாத ஆளை எந்த ஏஜென்டும் பிணம் வேஷத்துக்கு அனுப்ப மாட்டான். அவர் அன்றைக்குப் போனது அகதிக் கூட்டத்தில் நடக்கத்தான். அந்த இடத்தில் படுத்திருந்தவன் எறும்புக் கடி தாங்காமல் எழுந்து ஓடிவிட, கைக்கு எட்டிய இவரை இழுத்துப் படுக்கப் போட்டுவிட்டார்கள்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடிப்பார்கள். சாவு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. அன்றைக்கும் எல்லாரையும் எழுப்பிச் சிரிக்கச் சொன்னார்கள். அம்மாசிக்கு மணல் தொண்டையில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் சிரித்து முடித்துச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போன பிறகும் அவர் குனிந்து இருமிக்கொண்டே இருந்தார்.

"சிரிக்க சொல்றான் தேவான, எனக்கு இருமிகினே கீது. நான் நிமுந்து பாக்கசொல்லோ அவன் கேமராவ தூக்கினு பூட்டான்" என்று வீட்டுக்கு வந்து சொல்லி, அதற்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். வீட்டில் சிரித்து என்ன பிரயோசனம்? தேவானை அவரை வாசலிலேயே நிறுத்திச் சூடம் சுற்றிப் போட்டாள். அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். டாக்டர் நுரையீரல் என்றார். தேவானைக்கு வேறு காரணம் தெரியும். சிரிக்காமல் வந்துவிட்டார்.

அதனால் அவள் படத்தைப் பார்க்கவில்லை. ஊர் மெச்சிய படம் அவளுக்கு ஜென்ம விரோதியாக இருந்தது.

பிள்ளைகுட்டி கிடையாது. கல்யாண போட்டோ அடையாற்று வெள்ளத்தில் குடிசையோடு போயிற்று. அதன்பின் கரையில் இருந்தவர்களையெல்லாம் பெரும்பாக்கத்து மாடி வீடுகளுக்கு அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினார்கள். அங்கே எட்டாவது மாடியில் ஒற்றை அறை. சுவரில் ஆதார் கார்டிலிருந்து பெரிதாக்கிய படம் ஒன்று, அதில் அம்மாசி மூச்சுக் காட்டாமல் விறைத்துப் பார்ப்பார். உயிரோடு இருந்தபோது அவர் மூச்சுதான் அந்த அறையில் பெரிய சத்தம். பாதி ஏறும், ஓர் இடத்தில் சிக்கும், மீதி அப்புறம் ஏறும். "ஒரு நாளு தூங்க வுடுறியா நீ" என்று தேவானை திட்டாத இரவு கிடையாது. இப்போது தூங்கலாம். தூக்கம்தான் வரவில்லை.

அவள் சமையல் வேலை பார்ப்பது ராஜா அண்ணாமலைபுரத்தில், சுவாமிநாதன் வீட்டில். பாங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி தவறிவிட்டாள், மகள் கனடாவில். மயிலாப்பூரில் ஒரு திரைப்படச் சங்கத்துக்கு அவர்தான் காரியதரிசி. நல்ல மனுஷர், ஆனால் எதையாவது ஊர் நல்லது என்றால் அவருக்கு உடம்பு எரியும். சாம்பாரிலிருந்து சத்யாகிரகம் வரைக்கும் குறை கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. அந்தப் படத்துக்கு விருது வந்த நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. டிவியில் ஓடிடி வழியாகப் போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டு, குற்றவாளியைத் தேடும் போலீஸ்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் தேவானை சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து கூவினார்.

"தேவானை! இங்க ஓடி வா!"

"அடுப்புல குருமா கீது சார்."

"குருமா எங்கயும் ஓடிப்போயிடாது. வா சொல்றேன்!"

மாவுக் கையோடு வந்து நின்றாள். சுவரை அடைத்த டிவியில் அம்மாசி படுத்திருந்தார். சேறு பூசிய கன்னம், கிழிந்த சட்டை, வானத்தைப் பார்த்த முகம். தேவானை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைத்தான் உலகமே தலையில வெச்சுண்டு ஆடறது" என்றார் சுவாமிநாதன். "நன்னாப் பாரு. மூஞ்சியைப் பாக்காதே, வயித்தைப் பாரு, விலாவுக்குக் கீழ."

ரிமோட்டை அமுக்கினார். கிழிந்த சட்டை மெல்ல உயர்ந்தது. பாதி ஏறியது. சிக்கியது. மீதி ஏறியது.

"பாத்தியோ? மூச்சு விடறது! பிணம் மூச்சு விடறது!" சுவாமிநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அத்தனை பேர் எடிட் பண்ணிருக்கா, ஒருத்தன் கண்ணுலயும் படலை. இதுக்கு விருதாம், மண்ணாங்கட்டி."

தேவானைக்கு அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. சாகவில்லை என்று சிரித்துச் சொல்லாமல் வந்துவிட்டார் என்றுதானே இத்தனை நாள் நெஞ்சு வெந்தாள். சிரித்தால் என்ன, சிரிக்காவிட்டால் என்ன? அவர் மணலில் படுத்தபடியே அதைச் சொல்லியிருக்கிறார். ஊரெல்லாம் அவரைப் பிணம் என்று நம்பி அழுதபோது அவர்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னொரு தபா போடு சார்" என்றாள்.

சுவாமிநாதனுக்கு வாயெல்லாம் பல். தன் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். போட்டார். இன்னொரு தடவை கேட்டாள், அதற்கும் போட்டார்.

அது யார் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் மனுஷர் வெட்கப்பட்டுப்போய் டிவியை அணைத்துவிடுவார், அப்புறம் அந்தக் காட்சியை அவள் எங்கே போய்ப் பார்ப்பது? அவளிடம் இருப்பது பட்டன் போன். அதனால் வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் சுவாமிநாதன் அந்தப் பிணத்தைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் சரியாக அந்த நேரத்துக்குக் காப்பித் தட்டோடு தேவானை ஹாலில் நின்றாள். விருந்தாளிகள் சிரித்தார்கள். அவள் மூச்சைப் பார்த்தாள். பெரும்பாக்கம் திரும்புகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு அதை ஒரு தடவை நினைத்துக்கொள்வாள். இரவில் தூக்கம்கூட வந்தது.

சுவாமிநாதன் சும்மா இருந்திருக்கலாம். அந்தத் துண்டை வெட்டி, "மூச்சு விடும் பிணத்துக்கு உலக விருது" என்று தலைப்புக் கொடுத்து இணையத்தில் போட்டார். தீப்பற்றிக்கொண்டது. ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி, ஒரு மூச்சினால் ஒரு காவியம் கெட்டுப்போகுமா என்றது. இன்னொரு கட்சி, அழ வைத்ததெல்லாம் ஏமாற்று என்றது. அம்மாசியின் வயிற்றைச் சிவப்பு வட்டம் போட்டுக் கேலி செய்தார்கள். கடைசியில் டைரக்டர் கதிரேசன் ஒரு பேட்டியில் சொன்னான்: படம் மறுபடியும் தியேட்டருக்கு வருகிறது, அந்தக் குறையைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடுவோம், பழைய பிரதி எங்கேயும் இருக்காது.

"ஜெயிச்சாச்சு!" என்றார் சுவாமிநாதன். "என்னமோ ஒருத்தனும் குத்தம் சொல்ல முடியாதுன்னு நெனச்சுண்டிருந்தான். ஒத்துண்டான் பாரு!"

"சரி பண்றதுன்னா இன்னா சார் பண்ணுவாங்கோ?"

"அழிச்சுடுவா. மூச்சே இருக்காது. நிஜப் பிணம் மாதிரி கிடப்பன்."

அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. சுவாமிநாதன் கொண்டாட்டத்தில் அதையும் குடித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயிலாப்பூரில் சங்கத்துக் கூட்டம். "இந்தப் புகழ் தகுமா?" என்பது தலைப்பு. கதிரேசனே வருகிறான். காப்பி ஊற்றிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று சுவாமிநாதன் சொல்வதற்கு முன்பே "நான் வரேன் சார்" என்றாள் தேவானை.

சின்ன ஹால், மின்விசிறிச் சத்தம், நிறைய ஜனம். கதிரேசன் வயசில் சின்னவன், தூங்காத கண். சுவாமிநாதன் திரையில் அந்தக் காட்சியைப் போட்டு, வக்கீல் மாதிரி வாதாடினார். சாவைக் காட்டுகிறேன் என்று சொல்லி உயிருள்ள மனுஷனைக் காட்டி அழவைப்பது மோசடி என்றார். எதிர்க் கட்சிக்காரர்கள் கத்தினார்கள். கதிரேசன் எழுந்து, "தப்புதான் சார், ஒத்துக்கறேன், அதான் எடுத்துடறோம்னு சொல்லிட்டேனே" என்றான்.

"எடுக்காத நைனா."

காப்பி டிரம்முக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். தேவானை ஓர் அடி முன்னால் வந்தாள். கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"அதுல படுத்துகினு கீறது எங்க வூட்டுக்காரரு. போன மழைல பூட்டாரு. அவரு வீசிங் ஆளு, மூச்ச அடக்க முடியாது, வேணும்னு பண்ணல. என்னாண்ட அவரு நடமாடுற படம் ஒண்ணும் இல்ல. அந்த ஒரு மூச்சுதான் கீது. படம் நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியாது. அத்த மட்டும் வுட்டுடு நைனா."

கதிரேசன் மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் இரண்டு கையையும் டம்ளரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "தொட மாட்டேம்மா. சத்தியமா அழிக்க மாட்டேன்" என்றான். ஹால் முழுக்கக் கைதட்டியது. சுவாமிநாதன் மட்டும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

திரும்புகிற ஆட்டோவில் அவர், "ஏன் தேவானை எங்கிட்ட சொல்லலை? நான் பாவி, பிணம் பிணம்னு..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

"சொன்னா நீ டிவிய நிறுத்திட்டிருப்ப சார்" என்றாள்.

அன்றிரவே அவர் இணையத்தில் போட்டதை எடுத்துவிட்டு, வெட்டி வைத்திருந்த துண்டையும் வெட்கத்தில் அழித்துவிட்டார். மறுநாளிலிருந்து அவள் வேலை முடித்துக் கிளம்புகிற நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் அந்தக் காட்சியைப் போட்டுவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் பால்கனிக்குப் போய்விடுவார். தேவானை நின்றபடி ஒரு தடவை பார்ப்பாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன் சார்" என்று பால்கனிப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுப் போவாள்.

ஊருக்குத்தான் இப்போது வேறு பேச்சு வந்துவிட்டது. கூட்டத்தில் அவள் பேசியதை யாரோ போனில் பிடித்துப் போட்டிருந்தார்கள். மோசடி என்று கத்தியவர்களே, அந்த மூச்சுதான் படத்தின் உயிர் என்று கட்டுரை எழுதினார்கள். பிணக்குவியலின் நடுவே மனிதகுலம் மூச்சு விடுகிறதாம். டைரக்டர் வேண்டுமென்றேதான் வைத்தார் என்று சத்தியம் செய்தார்கள். படத்தின் பேர் முன்னைவிட இரண்டு மடங்கு ஏறியது. அம்மாசியின் பேரை ஒருத்தரும் கேட்கவில்லை, அதைத் தேவானையும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. மூச்சு இருக்கிறதே, போதும்.

மறுவெளியீட்டன்று காலைக் காட்சிக்குக் கதிரேசனே அழைத்தான். தி.நகர்ப் பக்கம் ஒரு தியேட்டர். "உங்களுக்காக ஒண்ணு பண்ணியிருக்கேம்மா, வந்து பாருங்க" என்று போனில் சின்னப்பிள்ளை மாதிரி உற்சாகப்பட்டான். தேவானை பீரோவிலிருந்து பட்டுக்கரைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். சுவாமிநாதனும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

முழுப்படத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். குண்டு விழுந்தது, குழந்தைகள் ஓடின, ஒருத்தி செத்த பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். தியேட்டரே விம்மியது. தேவானையும் அழுதாள். பொய் சொல்லக் கூடாது, அந்தப் பையன் நன்றாகத்தான் எடுத்திருந்தான்.

பிறகு மணல்வெளி வந்தது. கேமரா ஊர்ந்தது. இந்த இடம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள் போல, ஹால் பூராவும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அம்மாசியின் முகம், வீட்டு மாடி உயரத்துக்கு. தேவானை சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

இசை நின்றது. நாலா பக்கத்திலிருந்தும் ஒரு மூச்சின் சத்தம் கேட்டது. அம்மாசியின் நெஞ்சு மெல்ல, அழகாக, அலை மாதிரி மேலே எழும்பி, அதே அழகோடு இறங்கியது. எங்கேயும் சிக்கவில்லை. "ஆ" என்று ஹால் முழுக்க ஒரு பெருமூச்சு கிளம்பியது. யாரோ கைதட்டினார்கள்.

நோய்நொடி இல்லாதவன் தூங்குகிற மூச்சு அது. எவனுடையதோ.

இருட்டில் பக்கத்து நாற்காலியிலிருந்து சுவாமிநாதன் மெதுவாகக் குனிந்தார். "தேவானை... நடுவுல ஒரு சிக்கு இருக்குமே..." என்றார். உலகத்தில் அவளைத் தவிர அந்த மூச்சை அத்தனை தடவை பார்த்தவர் அவர் ஒருவர்தான். திரையில் அம்மாசியின் முகம் அப்படியே இருந்தது, ஆனால் ஆள் போய்விட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் துணியை முகத்தின்மேல் இழுத்துவிட்டபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது அவளுக்கு.

படம் விட்டதும் வெளியே பூங்கொத்தும் கேமராவுமாக நின்றுகொண்டிருந்த கதிரேசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"பாத்தீங்களாம்மா? பழசுல அது கண்ணுக்கே தெரியாம இருந்துச்சு. எல்லாருக்கும் தெரியணும்னு அந்த மூச்சுக்கு மட்டும் ஒரு மாசம் வேல பாத்தோம். சத்தம்கூட நானே கொடுத்தேன். என் மூச்சும்மா அது!"

"பழைய பிரதி?" என்று கேட்டார் சுவாமிநாதன்.

"எல்லா இடத்துலயும் மாத்தியாச்சு சார். ஓடிடிலயும் இனிமே இதான்."

சுவாமிநாதன் வாயைத் திறந்தார். குறை சொல்லியே பழகிய வாய். அன்றைக்குத்தான் முதல்முறையாக நியாயமான குறை ஒன்று கிடைத்திருந்தது. தேவானை அவர் சட்டைக் கையைத் தொட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கதிரேசன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளையின் முகம். அவன் நினைப்பில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன், அழிக்கவில்லை. அவனிடம் போய் என்ன சொல்வது?

"நல்லா கீது நைனா" என்றாள். "ரொம்ப நல்லா கீது."

"ஒரு போட்டோம்மா, இவங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று அவளைத் திருப்பி நிறுத்தினான். எதிரே கேமராக்கள் வரிசையாக நின்றன. அவற்றின் பின்னாலிருந்து ஒருத்தன் தலையை நீட்டி, "அம்மா, கேமராவ பாத்துக் கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான்.

தேவானை அவனை ஒரு கணம் பார்த்தாள். பழவேற்காட்டு மணலில் குனிந்து இருமிக்கொண்டிருந்தவர் ஞாபகத்துக்கு வந்தார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது.

சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கேமராவை நேராகப் பார்த்து, அவருக்காகச் சிரித்தாள். போதும் என்று அவர்கள் சொன்ன பிறகும் சிரித்துக்கொண்டு நின்றாள். சுவாமிநாதன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேவானை பெரும்பாக்கம் பஸ்ஸுக்கு நடந்தாள்.